பந்து இல்லாத இடத்தைப் பாருங்கள்

டி.வி.யில் கால்பந்து பார்ப்பவருக்குப் பாதி ஆட்டம்தான் கிடைக்கிறது. கேமரா பந்துக்குப் பின்னாலேயே ஓடுகிறது. களத்தில் 22 பேர் இருந்தாலும் திரைக்குள் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு பேர்தான் தெரிவார்கள். மற்றவர்கள் எங்கே நிற்கிறார்கள், எதற்காக நகர்கிறார்கள் என்பது திரைக்கு வெளியே போய்விடுகிறது. ஆட்டத்தின் சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது. இதை என் பிள்ளைகளுக்கு (பள்ளிப் பிள்ளைகளைச் சொல்கிறேன், நான் பி.டி. வாத்தியார்) வாயால் சொல்லி, மண்ணில் குச்சியால் கோடு போட்டுக் காட்டி, விசில் ஊதி ஊதித் தொண்டை வறண்ட பிறகுதான் அவர்களைச் சென்னை நேரு ஸ்டேடியத்துக்குக் கூட்டிப்போகும் யோசனை வந்தது.

திருவண்ணாமலையை அடுத்த எங்கள் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் வாலிபாலும் கபடியும்தான் ராஜா. வலையும் இரண்டு கம்பமும் இருந்தால் வாலிபால் ஆடிவிடலாம். கபடிக்கு அதுகூட வேண்டாம். கால்பந்துக்குத்தான் பெரிய இடம் வேண்டும், ஆள் வேண்டும், கோல் போஸ்ட் வேண்டும். அதனால் எங்கள் பையன்களுக்குக் கால்பந்து என்பது ராத்திரி செல்போனில் பார்க்கிற ஐரோப்பிய ஆட்டம்தான். மெஸ்ஸி, ரொனால்டோ ஜாதகமே ஒப்பிப்பார்கள். நம் மாநிலத்தில் யார் ஆடுகிறார்கள் என்று கேட்டால் முழிப்பார்கள். இப்படிப்பட்ட ஒரு சின்ன ஊரிலிருந்து பெரிய நகரத்து ஸ்டேடியத்துக்குப் போகிறவர் தெரிந்துவைத்திருக்க வேண்டியதை எழுதுகிறேன். சென்னைக்காரர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது.

முதலில் தேதி. சென்னையின் எஃப்.சி. சொந்த ஊரில் ஆடும் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) ஆட்டங்களுக்குத்தான் நாங்கள் போவது. அட்டவணை வந்ததும் பையன்கள் எதிரணி யார் என்று பார்ப்பார்கள்; நான் பௌர்ணமி என்றைக்கு என்று பார்ப்பேன். வேறு ஊர்க்காரர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். பௌர்ணமியன்று சென்னையே கிரிவலத்துக்குத் திருவண்ணாமலை நோக்கிக் கிளம்பும். அன்றைக்கு ராத்திரி ஆட்டம் முடித்துவிட்டு ஊர் திரும்பப் பேருந்து நிலையம் போனால் நிற்கக்கூட இடம் கிடைக்காது. மறுநாள் காலை அதே கூட்டம் இங்கிருந்து சென்னைக்குத் திரும்பும். அப்போதும் நமக்கு இடமில்லை. கார்த்திகை தீபத்தைச் சொல்லவே வேண்டாம். தீபமும் வடகிழக்குப் பருவமழையும் ஐ.எஸ்.எல். தொடரும் வழக்கமாக ஒன்றாகத்தான் வந்து சேர்கின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னையின் அணி தன் சொந்த ஊர் அரையிறுதியையே சென்னையில் ஆட முடியாமல் புனேயில் போய் ஆடியது. அட்டவணையையும் நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. 2025-26 தொடர் தொடங்க வேண்டிய நேரத்தில் தொடங்காமல் மாதக்கணக்கில் இழுத்தது. டிக்கெட் கையில் வந்த பிறகுதான் பெற்றோரிடம் பேசுவேன், அவர்கள் கையெழுத்து போட்ட பிறகுதான் வண்டிக்குச் சொல்வேன்.

அடுத்தது பயணம். நாலைந்து பேர் என்றால் அரசுப் பேருந்து போதும். ஆனால் கீழ்பென்னாத்தூரில் நின்று ஏறாதீர்கள். திருவண்ணாமலையில் கிளம்பும்போதே வண்டி நிறைந்துவிடும். நம் ஊரில் ஏறினால் செஞ்சி, திண்டிவனம் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். எதிர்த் திசையில் 18 கிலோமீட்டர் போய் திருவண்ணாமலை பேருந்து நிலையத்தில் சன்னலோரமாக உட்கார்ந்து, நம் ஊர் வழியாகவே போவது உத்தமம். ‘வந்த வழியே போறோமே சார்’ என்று பையன்கள் கிண்டல் செய்வார்கள், செய்யட்டும். பேருந்து கிளாம்பாக்கத்தில் நின்றுவிடும். பக்கத்து ரயில் நிலையத்தில் மின்சார ரயில் பிடித்துப் பூங்கா நிலையத்தில் இறங்கினால், சாலையைக் கடந்து ரிப்பன் மாளிகைக்குப் பின்பக்கம் நடக்கிற தூரம்தான்.

2024 மே மாதத்திலிருந்து திருவண்ணாமலை – சென்னை கடற்கரை ரயிலும் ஓடுகிறது. தொடங்கியபோது டிக்கெட் 50 ரூபாய். விடியற்காலையில் கிளம்பிக் காட்பாடி, அரக்கோணம் சுற்றிக்கொண்டு போகும். போவதற்கு நல்லது, பிள்ளைகள் கால் நீட்டி உட்காரலாம். திரும்புவதற்கு உதவாது. ஆட்டம் பெரும்பாலும் இரவு 7:30 மணிக்குத் தொடங்கும். அந்த ரயில் சாயங்காலமே கடற்கரையை விட்டுக் கிளம்பிவிடும். பத்துப் பேருக்கு மேல் என்றால் பேசாமல் வேன் பிடித்துவிடுங்கள். ராத்திரி 11 மணிக்குத் தூங்கி வழிகிற பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை எண்ணி எண்ணிப் பேருந்தில் ஏற்றிப் பார்த்தவர் யாரும் வேன் வாடகைக்குக் கணக்குப் பார்க்க மாட்டார்.

மதியத்துக்கே போய்ச் சேர்ந்துவிடுவது நல்லது. ஆட்டத்துக்கு முன்னால் பார்க்க நிறைய இருக்கிறது. இப்போது நிற்கும் ஸ்டேடியம் 1993-ல் கட்டியது. நேரு கோப்பை கால்பந்துக்காக 260 நாளில் கட்டி முடித்தார்கள். வடகொரியா கோப்பையை எடுத்துக்கொண்டு போனது. 1995-ல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளும் இங்கேதான் நடந்தன. அதற்கு முன்பு இதே இடத்தில் இருந்தது கார்ப்பரேஷன் ஸ்டேடியம். 1956-லிருந்து சுமார் பத்து வருடம் சென்னையின் டெஸ்ட் கிரிக்கெட் சேப்பாக்கத்தில் நடக்கவில்லை, இங்கேதான் நடந்தது. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினூ மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தது இந்த மண்ணில்தான். அந்தச் சாதனை 52 வருடம், 2008 வரை உடையவில்லை. பையன்களிடம் இதைச் சொன்னால் கால்பந்து பார்க்க வந்ததையே மறந்துவிட்டு மன்கட் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். கிரிக்கெட்டை எதிர்த்து இந்த நாட்டில் ஒரு பி.டி. வாத்தியார் என்னதான் செய்ய முடியும்!

இன்னும் பின்னால் போனால் இந்தப் பகுதி முழுவதும் பீப்பிள்ஸ் பார்க் என்ற பெரிய பூங்கா. சென்னையின் மிருகக்காட்சி சாலை 1985-ல் வண்டலூருக்குப் போகும்வரை அதற்குள்ளேதான் இருந்தது. காலையில் கிளாம்பாக்கத்தில் இறங்கினோமே, அதற்குப் பக்கத்து ஊர்தான் வண்டலூர். சிங்கம், புலியெல்லாம் ஸ்டேடியத்துக்குப் பக்கத்திலிருந்து பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் குடிபோய்விட்டன என்று சொன்னால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வரலாறு மறக்காது.

ஸ்டேடியத்தை ஒட்டிய பெரியமேட்டுப் பகுதியில் விளையாட்டுச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பள்ளிக்கு வலை, பந்து, பூட்ஸ் வாங்குவதை நான் இந்தப் பயணத்தோடு சேர்த்துவிடுவேன். இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கடைக்காரர் பளபளவென்று நீளமான ஸ்டட் வைத்த பூட்ஸைத்தான் முதலில் எடுத்துப் போடுவார். அது புல்தரைக்கு. நம் ஊர் செம்மண் தரை வெயிலில் காய்ந்தால் சிமென்ட்டு மாதிரி இறுகிவிடும். நீள ஸ்டட் அதில் இறங்காது. பையன் குதிகாலில் நடப்பதுபோல் தடுமாறுவான், கணுக்கால் பிசகும். குட்டை குட்டையாக நிறைய ரப்பர் ஸ்டட் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். பாதத்துக்கு ஒரு விரல் பெரிதாக வாங்கினால் அடுத்த வருடமும் ஆகும் என்று நினைக்கிற பெற்றோர் நிறைய. அது செருப்புக்குச் சரி, பூட்ஸுக்கு ஆகாது. உள்ளே கால் வழுக்கினால் நகம் பெயர்ந்துவிடும். பந்தில் 5-ஆம் நம்பர் பெரியவர்களுக்கு. பன்னிரண்டு வயதுக்குக் கீழே 4-ஆம் நம்பர். சின்னப் பிள்ளைகளைப் பெரிய பந்தில் பழக்கி, உதைக்கத் தெரியவில்லை என்று திட்டுவது நம் பள்ளிகளில் அன்றாடம் நடக்கிற அநியாயம்.

வாங்கிய சாமானை வண்டியிலேயே வைத்துவிடுங்கள். வாசலில் பை பெரிதாக இருந்தால் விட மாட்டார்கள். தண்ணீர் பாட்டில், வெளிச் சாப்பாடு, பவர் பேங்க் எதுவும் உள்ளே போகாது. சில நாள் சில்லறைக் காசையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். வீட்டில் அம்மா கட்டிக் கொடுத்த புளிசாதத்தையும் அவித்த மல்லாட்டையையும் ஐந்து மணிக்கே ரிப்பன் மாளிகைப் பக்கம் எங்காவது உட்கார்ந்து முடித்துவிட வேண்டும். உள்ளே விற்கிற சமோசா விலைக்கு நம் ஊரில் இரண்டு பேர் சாப்பிடலாம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். எங்கே உட்காருவது?

கால்பந்துக்கென்றே கட்டிய மைதானங்களில் முதல் வரிசையில் உட்கார்ந்தால் ஆட்டக்காரரின் மூச்சுச் சத்தம் கேட்கும். நேரு ஸ்டேடியம் அப்படியில்லை. இது தடகளத்துக்கும் சேர்த்துக் கட்டியது. புல்தரையைச் சுற்றி 400 மீட்டர் ஓடுபாதை போகிறது. அதற்கு வெளியேதான் இருக்கைகள். கோல் போஸ்டுக்குப் பின்பக்கம் ஓடுபாதை வளைகிற இடத்தில் தூரம் இன்னும் அதிகம். அங்கே உட்கார்ந்தால் எதிர்க்கோடியில் நடப்பது எறும்பு ஊர்கிற மாதிரிதான் தெரியும். டிக்கெட் மலிவு என்று கோலுக்குப் பின்னால் வாங்குவதைவிட, பக்கவாட்டில், நடுக்கோட்டுக்கு நேராக, முடிந்தவரை மேல் வரிசையில் இடம் பாருங்கள். கீழே உட்கார்ந்தால் கிட்டத்தில் தெரியும் என்பது சினிமா தியேட்டர்க் கணக்கு. உயரத்திலிருந்து பார்த்தால்தான் இரண்டு அணியும் எப்படி விரிகிறது, எப்படிச் சுருங்குகிறது என்பது புலப்படும். மாலை 5 மணி ஆட்டமென்றால் மேற்குப் பக்கம் உட்காருங்கள், வெயில் முகத்தில் அடிக்காது.

பி ஸ்டாண்ட் ரசிகர் கூட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘பி ஸ்டாண்ட் ப்ளூஸ்’ என்றே பெயர் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ‘சூப்பர் மச்சான்ஸ்’ என்று இன்னொரு குழு. நீலச் சட்டையும் மேளமுமாகத் தொண்ணூறு நிமிடமும் நின்றுகொண்டே பாடுவார்கள். பெரிய பையன்களுக்கு அது திருவிழா. ஆனால் அங்கே போனால் ஆட்டம் பார்க்க முடியாது. முன்னால் நிற்பவரின் முதுகைத்தான் பார்க்கலாம். கேரளா பிளாஸ்டர்ஸ் வருகிற நாளில் மஞ்சள் சட்டைக்காரர்கள் சென்னையிலேயே ஆயிரக்கணக்கில் திரண்டுவிடுவார்கள். சத்தம் காதைப் பிளக்கும். முதல்முறை போகிறவருக்கு அந்த ஆட்டம் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். கூட்டம் குறைவாக வரும் ஆட்டத்துக்குப் போனால் கோல்கீப்பர் தன் பேக்குகளைக் கத்திக் கூப்பிடுவதுகூட மேல் வரிசைக்குக் கேட்கும்.

ஆட்டம் தொடங்க முக்கால் மணி நேரம் முன்பே உட்கார்ந்துவிட வேண்டும். இரண்டு அணியும் பயிற்சிக்கு இறங்கும். நான் பணம் கொடுத்துப் பார்ப்பதே அதைத்தான். முதலில் கோல்கீப்பர்கள் வருவார்கள். பயிற்சியாளர் ஆறடி தூரத்தில் நின்று கைக்கு நேராகப் பந்தை உதைக்க, பிடித்து, உருட்டி, பிடித்து, உருட்டி... ஏதும் சாகசம் கிடையாது. எங்கள் பள்ளி கோல்கீப்பர் எப்போதும் பாய்ந்து விழத்தான் ஆசைப்படுவான். ‘பாத்தியாடா, ஒருத்தனாவது விழுறானா?’ என்றேன். ‘காலு நகத்திக்கினே இருக்கான் சார். பந்து வர்றதுக்கு முன்னாடியே போயிட்றான்’ என்றான். அவ்வளவுதான் பாடம், என் பத்து நாள் பயிற்சி அந்த ஒரு வாக்கியத்தில் முடிந்துபோனது.

ஆட்டம் ஆரம்பித்ததும் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுப்பேன். ஒவ்வொருவனும் தான் பள்ளியில் ஆடுகிற இடத்திலேயே ஆடும் ஒருவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பத்து நிமிடம் அவரை மட்டும் பார்க்க வேண்டும்; பந்து எங்கே போனாலும் கண் போகக் கூடாது. சொல்ல எளிது, செய்வது கஷ்டம். பெரியவர்களாலேயே முடியாது. இரண்டாவது நிமிடத்தில் கண் தானாகப் பந்துக்கு ஓடிவிடும்.

எங்கள் லெஃப்ட் பேக் பையன் ஒருவன் ஒன்பதாம் வகுப்பு. பள்ளி ஆட்டத்தில் பந்து வலப்பக்கம் போய்விட்டால் இடுப்பில் கைவைத்து நின்று வேடிக்கை பார்ப்பான். ‘பந்து இங்க வரலியே சார்’ என்பான். ஸ்டேடியத்தில் அவனை லெஃப்ட் பேக்கைப் பார்க்கச் சொன்னேன். பந்து எதிர்ப்பக்க ஓரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. இவர் ஓரத்தை விட்டுவிட்டு உள்ளே, உள்ளே என்று நகர்ந்து கிட்டத்தட்ட கோலுக்கு நேராக வந்து நின்றார். தலையைத் திருப்பித் திருப்பித் தனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். நாலு பேக்குகளும் ஒரே கயிற்றில் கட்டினதுபோல் சேர்ந்து நகர்ந்தார்கள். பந்து இந்தப் பக்கம் திரும்பியதும் அதே வேகத்தில் வெளியே ஓடினார். ‘சார், அவருக்குப் பந்தே வரல. ஆனா ஓடிக்கினே இருக்காரு’ என்றான் பையன். அடுத்த வாரம் எங்கள் மைதானத்தில் அவனும் உள்ளே நகர ஆரம்பித்தான். எதற்கு என்று அவனுக்குத் தெரிந்திருந்தது, நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஃபார்வர்டுகளைப் பார்க்கிறவனுக்கு இன்னொன்று தெரியவரும். அவர்கள் பெரும்பாலான நேரம் நடக்கிறார்கள். நடந்துகொண்டே எதிரணி பேக்கின் முதுகுப் பக்கம் போய், அவர் கண்ணில் படாத இடத்தில் நிற்கிறார்கள். பிறகு ஐந்தாறு எட்டு வெடித்து ஓடுகிறார்கள். டி.வி.யில் அந்தக் கடைசி ஐந்தாறு எட்டு மட்டும்தான் வரும். அதைப் பார்த்துவிட்டு நம் பையன்கள் ஆரம்பத்திலிருந்தே தலைதெறிக்க ஓடி, இருபதாவது நிமிடத்தில் நாக்கு தள்ளிப்போகிறார்கள்.

நேரில் பார்த்த ஒரு ஆட்டத்தைச் சொல்கிறேன். 2018 மார்ச் 13, செவ்வாய்க்கிழமை. எஃப்.சி. கோவாவுக்கு எதிரான ஐ.எஸ்.எல். அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம். தேர்வு நேரம், பிள்ளைகளைக் கூட்டிப்போக முடியாது. நானும் இன்னொரு பள்ளியின் பி.டி. வாத்தியாரும் போனோம். கோவாவில் நடந்த முதல் ஆட்டம் 1-1. இங்கே ஜெஜெ லால்பெக்லுவா முதல் கோல் அடித்த மூன்றே நிமிடத்தில் தன்பால் கணேஷ் இரண்டாவதை அடித்தார். கடைசியில் ஜெஜெ இன்னொன்று. 3-0. அன்றைக்கு ஸ்டேடியம் எழுந்து கத்தியது ஜெஜெயின் இரண்டு கோலைவிடக் கணேஷின் ஒரு கோலுக்கு என்றுதான் எனக்குத் தோன்றியது. காரணம் இருக்கிறது. கணேஷ் வியாசர்பாடிப் பையன். ஸ்டேடியத்திலிருந்து நாலைந்து கிலோமீட்டர். நான்கு நாள் கழித்துப் பெங்களூரில் அந்த ஊர் அணியையே 3-2 என்று வென்று சென்னை இரண்டாம் முறையாகக் கோப்பையைத் தூக்கியது.

வியாசர்பாடி என்றால் சினிமாவில் வேறு மாதிரிதான் காட்டுவார்கள். அங்கே முல்லை நகர் மைதானத்தில் குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்குக் கால்பந்தும் மாலைப் படிப்பும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கிற அமைப்பு 2000-லிருந்து நடக்கிறது. பாதி நாள் கையில் இருந்தால் காலையில் அங்கே போய்ப் பயிற்சியைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் ஸ்டேடியத்துக்கு வாருங்கள். புல் இல்லாத தரையில் ஆடிப் பழகினவர் அந்தப் புல்தரைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்பதற்கு என்னிடம் வேறு விளக்கம் கிடையாது.

பேருந்து போய்விடும் என்று 85-ஆவது நிமிடத்தில் எழுந்து போகிறவர்களை எல்லா ஆட்டத்திலும் பார்க்கிறேன். 2015 இறுதிப் போட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கோவாவில் அந்த ஊர் அணி 87-ஆவது நிமிடத்தில் 2-1 என்று முன்னே போனது. டி.வி.யை அணைத்துவிட்டுப் படுத்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. 90-ஆவது நிமிடத்தில் கோவா கோல்கீப்பர் கையில் பட்டுப் பந்து உள்ளே போனது; அதற்கு மேல் நடுவர் கொடுத்த நிமிடங்களில் சென்னை அணியின் மென்டோசா ஒன்று அடித்தார்; கோப்பை சென்னைக்கு வந்தது. திருவண்ணாமலைக்கு ராத்திரி முழுக்க வண்டி உண்டு. உட்காருங்கள்.

முடிந்த பிறகும் கால் மணி நேரம் உட்காருங்கள். இதை ஆலோசனையாகச் சொல்லவில்லை, என்னோடு வருகிற பிள்ளைகளுக்கு இது சட்டம். 1980 ஆகஸ்ட் 16 அன்று கொல்கத்தா ஈடன் கார்டன்ஸில் மோகன் பகான் – ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தின்போது ஏற்பட்ட தகராறிலும் நெரிசலிலும் 16 ரசிகர்கள் செத்துப்போனார்கள். 2025 ஜூனில் பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியத்துக்கு வெளியே 11 பேர். சாவு நடப்பது பெரும்பாலும் படிக்கட்டிலும் வாசலிலும்தான். உள்ளே நுழைந்ததும் எந்த வாசல் வழியாக வந்தோம் என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டி, வாசல் எண்ணை உள்ளங்கையில் பேனாவால் எழுதச் சொல்லுங்கள். என் செல்போன் எண்ணும் அதற்குக் கீழே இருக்கும். உள்ளே கூட்டம் கூடினால் சிக்னல் கிடைக்காது. அதனால் பிரிந்துபோனால் ரிப்பன் மாளிகை வாசலில் வந்து நிற்க வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு.

கொல்கத்தா என்றதும் ஒரு கிளைக்கதை. என் சித்தப்பா மகன் ராணுவத்தில் இருந்தபோது அங்கே அழைத்துப்போய்க் காட்டினான். நகரின் நடுவே பரந்துகிடக்கும் மைதான் முழுக்க ராணுவத்தின் நிலம். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் மூன்றுக்கும் அங்கேதான் பழைய மைதானங்கள். கிளப்பை அவர்கள் ‘டென்ட்’ என்றுதான் சொல்கிறார்கள். ஓடுபாதை கிடையாது, படிக்கட்டுகள் கோட்டுக்குக் கிட்டத்திலேயே எழும்புகின்றன. 1911 ஜூலை 29 அன்று கிழக்கு யார்க்‌ஷயர் ரெஜிமென்ட்டை 2-1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டை எடுத்த மோகன் பகான் அணியில் ஒருவரைத் தவிர எல்லோரும் வெறுங்காலில் ஆடினார்கள். அந்த நாளை இன்றைக்கும் கொண்டாடுகிறார்கள். ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் வீட்டில் ஹில்சா மீன், மோகன் பகான் ஜெயித்தால் இறால் என்பது அந்த ஊர் வழக்கம். வருடக்கணக்கில் மோகன் பகானை ஜெயிக்க முடியாமல் கிடந்த ஈஸ்ட் பெங்காலுக்கு 2023 ஆகஸ்ட் 12 அன்று டூரண்ட் கோப்பையில் ஒரே கோல் அடித்து வெற்றி வாங்கிக் கொடுத்தவர் நம் சென்னையின் நந்தகுமார் சேகர். அன்றைக்கு கொல்கத்தாவில் எத்தனை வீட்டில் ஹில்சா வாங்கினார்களோ, இங்கே ஒரு பேப்பரில் அவர் பெயர் பெரிய எழுத்தில் வந்து நான் பார்க்கவில்லை.

ஐ.எஸ்.எல். டிக்கெட்டுக்குப் பணமில்லை என்றால் அதற்காகக் கால்பந்து பார்க்காமல் இருக்க வேண்டியதில்லை. சென்னை கால்பந்து சங்கத்தின் லீக் ஆட்டங்கள் இருக்கின்றன. இந்தியன் வங்கி, கஸ்டம்ஸ், வருமான வரி, தெற்கு ரயில்வே என்று அலுவலக அணிகள் ஆண்டாண்டு காலமாக ஆடிய பழைய லீக் இது. விளையாட்டு இடஒதுக்கீட்டில் வேலை என்கிறோமே, அதன் உயிருள்ள உதாரணத்தை அங்கே பார்க்கலாம். மேளம் இருக்காது, கூட்டம் இருக்காது. பையன்களுக்குச் சப்பென்றுதான் இருக்கும். ஆனால் கற்றுக்கொள்ள அதுதான் நல்ல வகுப்பு.

கடைசியாக, பெண் பிள்ளைகள். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-லும் 2023-லும் தேசிய சாம்பியன். மதுரையின் சேது எஃப்.சி. 2019-ல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர் மாவட்டத்துக்காரர், காவல்துறையில் உதவி ஆய்வாளர். இத்தனையும் சொன்ன பிறகும், ஸ்டேடியத்துக்கு என்றால் எங்கள் பகுதியில் பையன்களைத்தான் அனுப்புகிறார்கள். ‘ராத்திரி ரெண்டு மணிக்கா சார் திரும்புவீங்க?’ என்று கேட்கிற தாயின் கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் வைத்துக்கொண்டுதான் போய்க் கேட்க வேண்டும். மாலை 5 மணி ஆட்டமாகப் பார்த்தால் நள்ளிரவு ஆவதற்குள் ஊர் வந்து சேரலாம். கழிப்பறை சுத்தமாக இருக்கிற பக்கம் எது என்று முதலிலேயே ஒரு ஆசிரியை போய்ப் பார்த்துவிட வேண்டும். இடைவேளையில் வரிசை நீளும், அதனால் 40-ஆவது நிமிடத்திலேயே கூட்டிப்போய் வந்துவிடலாம்.

சக பி.டி. வாத்தியார்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிற பெற்றோருக்கும் ஒன்று கேட்கிறேன். அடுத்த அட்டவணை வந்ததும் முதல் வேனைப் பெண்கள் அணிக்கு ஒதுக்குங்கள். துணைக்கு இரண்டு அம்மாக்களையும் கூப்பிடுங்கள். இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை, அதனால்தான் அவர்கள் வரவில்லை.